ஒரு சிட்டிகை உப்பு! ஒரு கைப்பிடி வெல்லம்!

ஊசியோடு வந்த உதவிச் சங்கங்கள், தாய்மார்களுக்கு வாத்தியார் ஆன கதை

1971-ம் ஆண்டு, ஜூன் மாதம். மழை கொட்டிக்கொண்டு இருந்தது.

மேற்கு வங்காளத்தில் பன்கான் என்று ஓர் ஊர். எல்லையை ஒட்டி இருக்கிறது. அந்தப் பக்கம் கிழக்குப் பாகிஸ்தான். அதுதான் பின்னால் வங்காளதேசம் ஆயிற்று. அங்கே போர் நடந்தது. உயிருக்குப் பயந்த மக்கள், எல்லையைத் தாண்டி ஓடி வந்தார்கள். தலையில் மூட்டை. இடுப்பில் குழந்தை. சாரை சாரையாக வந்தார்கள்.

ஆயிரம் பேர், பத்தாயிரம் பேர் அல்ல. அந்த ஆண்டு முடிவதற்குள் இந்தியாவுக்குள் வந்த அகதிகள் ஏறக்குறைய ஒரு கோடி பேர்!

அவர்களோடு இன்னொன்றும் வந்தது. அதுதான் காலரா என்னும் வாந்தி பேதி.

பன்கான் ஆஸ்பத்திரியில் காலரா நோயாளிகளுக்காக இருந்தவை இரண்டே அறைகள். கட்டில்கள் 16. வந்த நோயாளிகளுக்கோ கணக்கில்லை. கட்டில் நிறைந்ததும் தரையில் படுக்க வைத்தார்கள். தரையும் நிறைந்தது. அங்கே வைத்தியம் பார்க்க வந்தவர் டாக்டர் திலீப் மகலநாபிஸ். வயது 36. குழந்தை மருத்துவ நிபுணர். கல்கத்தாவில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் நடத்திய ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர்.

நோயாளியின் கையில் ஊசி குத்த வேண்டுமானால், வாந்தியிலும் பேதியிலும் முழங்கால் போட்டு உட்கார வேண்டும். டாக்டர் அப்படித்தான் உட்கார்ந்தார்.

வற்றும் உடம்பு

காலரா எப்படிக் கொல்கிறது? கிருமி உடம்பைத் தின்றுவிடுவது இல்லை. உடம்பில் உள்ள தண்ணீரையும் உப்பையும் குடல் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. கடுமையாகப் பீடித்தால், ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர்கூடப் போய்விடும். கண் குழிந்துவிடும். தோல் சுருங்கும். நாடி கிடைக்காது. காலையில் நன்றாக இருந்த மனிதன் மாலைக்குள் செத்துப்போவதும் உண்டு.

போன தண்ணீரைத் திரும்பக் கொடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வான். எப்படிக் கொடுப்பது? ரத்தக் குழாயில் ஊசி குத்தி, உப்பு நீரை ஏற்ற வேண்டும். நம் ஊரில் "குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள்" என்று சொல்வார்களே, அதுபோல. இதற்குப் பெயர் சலைன். கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும். ஊசி வேண்டும். பழகிய கை வேண்டும்.

அந்தக் காலத்தில் உதவிச் சங்கங்கள் இப்படித்தான் வேலை செய்தன. போர்க்களத்தில் காயம் பட்டவர்களுக்காகத்தான் 1863-ல் ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கம் தோன்றியது. அதன் பிறகு எத்தனையோ சங்கங்கள் வந்தன. எங்கே ஆபத்தோ அங்கே டாக்டர்கள் பறந்து வருவார்கள். பெட்டியில் மருந்து வரும். கூடாரம் போடுவார்கள். ஊசி போடுவார்கள். ஆபத்து நீங்கியதும் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் லட்சக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் கூடாரம் போன பிறகு மறுபடியும் நோய் வந்தால்?

பன்கானுக்கு அந்தக் கவலைகூட இல்லை. கூடாரம் இருக்கும்போதே சலைன் தீரப் போகிறது! வெளிநாடுகள் மருந்துகளை விமானத்தில் அனுப்பின. வந்தது போதவில்லை. கையிருப்பு சீக்கிரம் காலியாகிவிடும் என்று தெரிந்தது.

வழி காட்டிய சீனி

டாக்டருக்கு ஒரு வழி தெரியும். 3 ஆண்டுகளுக்கு முன்னால் டாக்காவில் கண்டறிந்த வழி அது.

டாக்காவில் 1960-ல் காலரா ஆராய்ச்சிக்கூடம் ஒன்று ஏற்பட்டது. அங்கே டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் அமெரிக்க டாக்டர்கள் இருந்தார்கள். உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை நோயாளிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அது 1968-ம் ஆண்டு. ஊசியில் ஏற்ற வேண்டிய சலைனில் 100-க்கு 80 பங்கு மிச்சம் ஆயிற்று!

இதில் சூட்சுமம் என்ன?

பேதியாகும்போது வெறும் தண்ணீரைக் குடித்தால் குடல் அதைச் சரியாகப் பிடித்து வைத்துக்கொள்வது இல்லை. வெறும் உப்புத் தண்ணீரும் அப்படித்தான். ஆனால் கொஞ்சம் சீனி சேர்ந்துவிட்டால் கதை வேறு. குடலின் சுவரில் ஒரு கதவு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உப்பு தனியாக வந்தால் திறக்காது. சீனி தனியாக வந்தாலும் திறக்காது. இரண்டும் ஜோடியாக வந்தால் திறக்கும். அவை உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போய்விடும். காலராக் கிருமியால் இந்தக் கதவை மட்டும் அடைக்க முடிவது இல்லை!

ஆனால் டாக்காவில் நடந்தது ஆஸ்பத்திரிக்குள். பக்கத்திலேயே டாக்டர்கள், நர்சுகள். எவ்வளவு போயிற்று, எவ்வளவு குடித்தார் என்று அளந்து எழுதினார்கள். பன்கானில் அளப்பது யார்? இங்கே நோயாளிகளுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் அம்மாவும் அக்காளும் அண்ணனும்தான்.

"அவர்களே கொடுக்கட்டும்" என்று முடிவு செய்தார் மகலநாபிஸ்.

துணிச்சலான முடிவு! தவறினால் பழி அவர் தலையில்தான் விழும்.

பதினோரு பைசா மருந்து

கல்கத்தாவில் அவருடைய ஆட்கள் நிறுத்துப் போட்டார்கள். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ். மூன்றரை கிராம் உப்பு. இரண்டரை கிராம் சோடா உப்பு. பிளாஸ்டிக் பைகளில் கொட்டி, சூடான இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டினார்கள். சாமான் செலவு லிட்டருக்கு 11 பைசா!

பன்கானில் பெரிய பீப்பாய்களில் தண்ணீர் ஊற்றி இதைக் கலக்கினார்கள். கோப்பையில் பிடித்துத் தாய்மார்கள் கையில் கொடுத்தார்கள். "குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருங்கள்" என்றார்கள். நாடி விழுந்து கிடந்தவர்களுக்கு மட்டும் ஊசி சலைன். அவர்களும் கண் திறந்ததும் கோப்பைக்கு மாறினார்கள்.

2 மாதத்தில் 3 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களுக்கு இப்படி வைத்தியம் நடந்தது. அதற்கு முன்பு முகாம்களில் காலரா கண்டவர்களில் 100-க்கு 30 பேர் வரை மாண்டார்கள். கோப்பை வைத்தியம் வந்த பிறகு, மாண்டவர்கள் 100-க்கு 4 பேர்கூட இல்லை!

டாக்டர்கள் பலர் நம்பவில்லை. உப்பும் சீனியும் ஒரு மருந்தா என்று கேட்டார்கள். 1978-ல்தான் உலக சுகாதார நிறுவனம் வயிற்றுப்போக்குத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, இந்த முறையை உலகம் முழுவதும் கொண்டுபோயிற்று. மகலநாபிஸ் 2022-ம் ஆண்டு அக்டோபரில் காலமானார். அடுத்த ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கியது. அதை வாங்க அவர் இல்லை.

வீட்டை விற்றவர்

போர் முடிந்தது. வங்காளதேசம் பிறந்தது. அகதிகள் ஊர் திரும்பினார்கள். வீடு இல்லை. படகு இல்லை. மாடு இல்லை.

அப்போது லண்டனில் இருந்து ஒருவர் வந்தார். பெயர் பசல் ஹசன் அபெத். கணக்கியல் படித்தவர். ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். 1970 நவம்பரில் வங்கக்கடல் புயல் லட்சக்கணக்கான பேரைக் கொன்றபோது, பிணங்களுக்கு நடுவே நின்று அரிசி கொடுத்தார். அதைப் பார்த்த பிறகு கம்பெனி உத்தியோகத்தில் மனம் ஒட்டவில்லை. லண்டனில் இருந்த தன் வீட்டை விற்றார். அந்தப் பணத்தோடு 1972-ல், சுல்லா என்ற மூலைக்கு வந்தார். மழைக்காலத்தில் ஊர்களே தீவுகளாகிவிடும் பகுதி அது. அங்கே அவர் தொடங்கிய சங்கத்தின் பெயர் 'பிராக்'. இங்கிலாந்தின் ஆக்ஸ்பாம் சங்கம் பணம் கொடுத்தது.

முதலில் அவரும் மற்றச் சங்கங்கள் செய்ததைத்தான் செய்தார். வீடு கட்டிக் கொடுத்தார். படகு கொடுத்தார். வைத்திய நிலையம் திறந்தார். கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் கொடுத்த பிறகும் ஏழை ஏழையாகவே இருந்தான். குழந்தைகள் செத்துக்கொண்டே இருந்தன.

அந்தக் காலத்தில் வங்காளதேசத்தில் 1,000 குழந்தைகள் பிறந்தால், 200-க்கு மேல் 5 வயதுக்குள் மடிந்தன. பெரிய எமன் வயிற்றுப்போக்கு. மருந்தோ, உப்பும் இனிப்பும் தண்ணீரும். ஆனால் பாக்கெட் செய்து ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்ப அரசாங்கத்திடம் பணமும் இல்லை, பாதையும் இல்லை.

1979-ம் ஆண்டு சர்வதேசக் குழந்தைகள் ஆண்டு. அபெத் ஒரு முடிவுக்கு வந்தார். பாக்கெட் வேண்டாம். சாமான்கள் வீட்டிலேயே இருக்கின்றன. செய்யும் விதத்தைத் தாய்க்குக் கற்றுக்கொடுத்தால் போதும்!

மூன்று விரல் அளவு

சொல்வது எளிது. தராசு இல்லாத வீட்டில் மூன்றரை கிராம் உப்பை எப்படி அளப்பது?

கைதான் தராசு. மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு. ஒரு கைப்பிடி வெல்லம். அரை சேர் தண்ணீர். அரை சேர் என்பது ஏறக்குறைய அரை லிட்டர். வீட்டில் இருக்கும் செம்பையோ சட்டியையோ எடுத்து, அரை சேர் அளவுக்குக் கோடு போட்டுக் கொடுத்தார்கள். வங்காளியில் இதன் பெயர் 'லபண் குர்'. லபண் என்றால் உப்பு. நம் நாட்டு வைத்தியர்கள் சொல்லும் லவணம்தான் அது. குர் என்றால் வெல்லம்.

உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. அதனால் தாய்மார்கள் கலக்கிய தண்ணீரைப் புட்டியில் பிடித்துப் போய்ச் சோதித்தார்கள்.

பெண்களிடம் பெண்கள்தான் பேச முடியும். கிராமத்து இளம்பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். ஒரு குழுவுக்கு 14 பெண்கள், ஒரு சமையல்காரர், ஒரு மேற்பார்வையாளர். அந்தக் காலத்தில் அங்கே பெண்கள் வீட்டை விட்டு வெளியே போவதே அபூர்வம். இவர்களோ ஊர் ஊராக நடந்தார்கள். ஊர்ப் பக்கத்தில் தங்கினார்கள். காலையில் வீடு வீடாகப் போனார்கள்.

திண்ணையில் உட்கார்ந்து பாடம் தொடங்கும். பேதி என்றால் என்ன? குழந்தை ஏன் வாடுகிறது? எதைக் கொடுப்பது? எப்போது டாக்டரிடம் ஓடுவது? பெரும்பாலான தாய்மார்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே பத்துச் செய்திகளாக வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு தாயே கலக்கிக் காட்ட வேண்டும். பார்ப்பதைவிட, செய்தது நன்றாக மனதில் நின்றது.

இனிமேல்தான் வேடிக்கை!

கூலி கொடுத்த விதம்

தொடக்கத்தில் ஒரு பெண் ஒரு நாளில் 20 தாய்மார்கள் வரை பாடம் சொன்னாள். சில வாரம் கழித்துப் போய்க் கேட்டால், பலருக்கு ஞாபகமே இல்லை. அபெத் கணக்குப் பிள்ளை ஆயிற்றே! விடுவாரா? ஒரு நாளைக்குப் பத்து வீடு போதும் என்றார். கூலியையும் மாற்றினார்.

எத்தனை வீட்டுக்குப் போனாய் என்பதற்குக் கூலி இல்லை. ஒரு மாதம் கழித்து வேறு ஆள் வந்து, சில வீடுகளில் திடீர்ப் பரீட்சை வைப்பார். தாய் சரியாகச் சொல்லி, சரியாகக் கலக்கினால் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு முழுக் கூலி. அரைகுறை என்றால் குறைந்த கூலி. ஒன்றும் தெரியாவிட்டால் சல்லிக்காசு கிடையாது! பரீட்சை தாய்க்கு. மார்க்கு வாத்தியாருக்கு. உலகத்தில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இப்படி இருக்காது.

பாடம் நன்றாக ஏறியது. ஆனால் இன்னொரு சங்கடம். குழந்தைக்குப் பேதியானபோது உண்மையில் எத்தனை தாய்மார்கள் கொடுத்தார்கள் என்று விசாரித்தார்கள். 100-க்கு 6 பேர்தான்! தெரிந்தும் கொடுக்கவில்லை. ஏன்?

அபெத் தன் பெண்களைக் கூட்டி ஒரு கேள்வி கேட்டார். "உங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் இதைக் குடிக்கிறீர்களா?" பெரும்பாலோர் இல்லை என்றார்கள். மாத்திரை சாப்பிடுவார்களாம்! சொல்கிறவளுக்கே நம்பிக்கை இல்லை என்றால் கேட்கிறவளுக்கு எப்படி வரும்? அவர்களை டாக்கா ஆராய்ச்சிக்கூடத்துக்கு அழைத்துப்போய், உப்பும் இனிப்பும் குடலில் செய்யும் வேலையை விளக்கினார்கள். திரும்பி வந்த பெண்கள் ஊருக்குள் நுழைந்ததும், யாருக்குப் பேதி என்று தேடிப் போய் அவர்களுக்குக் கொடுத்துக் குணப்படுத்திக் காட்டினார்கள். கொடுக்கும் தாய்மார்களின் தொகை கூடியது.

அப்படியும் போதவில்லை. மறுபடி விசாரித்தார்கள். இப்போது தெரிந்தது உண்மை. வீட்டு ஆண்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை! பெண்கள் மட்டும் பேசிக்கொண்ட விஷயம், வீட்டுக்காரருக்கு எப்படிப் பிடிக்கும்? உடனே சந்தையிலும் மசூதியிலும் பள்ளிக்கூடத்திலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். வானொலியிலும் சொன்னார்கள். அதன் பிறகு வேகம் பிடித்தது.

1980-ல் தொடங்கிய வேலை 1990-ல் முடிந்தது. பத்து ஆண்டு. 75 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள். ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள். அநேகமாக நாட்டின் எல்லாக் கிராமத்து வீட்டுத் திண்ணையும் பள்ளிக்கூடம் ஆயிற்று.

பெட்டிக் கடையில் சலைன்

1980-க்கும் 2005-க்கும் இடையில் வங்காளதேசத்தில் வயிற்றுப்போக்கால் சாகும் குழந்தைகளின் தொகை 100-க்கு 80-க்கும் மேல் குறைந்துவிட்டது. தடுப்பூசியும் நல்ல தண்ணீரும் பெண்களின் படிப்பும் இதற்குத் துணை செய்தன. ஆனால் திண்ணைப் பாடத்தின் பங்கு பெரியது. முன்பு 1,000-க்கு 200 என்று இருந்த குழந்தைச் சாவு, இப்போது 30 வாக்கில்.

இன்று அங்கே கை அளவு போய்ப் பாக்கெட் வந்துவிட்டது. பெட்டிக் கடையில்கூடக் கிடைக்கிறது. 'காபார் சலைன்' என்பார்கள். சாப்பிடும் சலைன் என்று அர்த்தம். பேதி கண்ட 10 குழந்தைகளில் 7 பேருக்கு இந்தப் பாக்கெட் தண்ணீர் கிடைக்கிறது. உலகம் முழுவதும் எடுத்துக்கொண்டால் பாதிக் குழந்தைகளுக்குக்கூடக் கிடைப்பது இல்லை. நம் ஊர் மருந்துக் கடைகளிலும் அரசு சுகாதார நிலையங்களிலும் இருப்பதும் இதே உப்பு-சர்க்கரைக் கரைசல்தான். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவில் கரைக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. குழந்தை சோர்ந்து மயங்கினாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, பேதியில் ரத்தம் கண்டாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

உதவி வாங்கியவர் உதவினார்

வெளிநாட்டுப் பணத்தில் தொடங்கிய பிராக் சங்கம், 2002-ல் ஆப்கானிஸ்தானுக்குப் போயிற்று, உதவி வாங்க அல்ல, உதவி செய்ய! 2006-ல் ஆப்பிரிக்காவில் உகாண்டாவுக்குப் போயிற்று. வெள்ளைக்கார நாட்டில் இருந்து ஏழை நாட்டுக்கு என்று இருந்த ஒற்றைப் பாதை மாறிவிட்டது. அபெத்துக்குப் பிரிட்டிஷ் ராணி 'சர்' பட்டம் கொடுத்தார். 2019 டிசம்பரில் அவர் காலமானார்.

அதற்கு 2 ஆண்டுகளுக்கு முன்பு, 2017-ல், வங்காளதேசமே ஓர் அகதி வெள்ளத்தைச் சந்தித்தது. பர்மாவில் இருந்து ரோகிங்கியா மக்கள் 7 லட்சம் பேர் சில மாதத்துக்குள் காக்ஸ் பசாருக்கு ஓடி வந்தார்கள். அதே மழை. அதே சேறு. காலரா வெடிக்கும் என்று எல்லோரும் பயந்தார்கள். வெளிநாட்டுச் சங்கங்கள் வந்தன. ஆனால் 1971 போல அல்ல. நோயை அறிந்த உள்ளூர் நிபுணர்களும், பிராக் போன்ற உள்ளூர்ச் சங்கங்களும் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். அக்டோபரில் வாய்வழியாகக் கொடுக்கும் காலரா தடுப்பு மருந்தை 9 லட்சம் டோஸ் இறக்கினார்கள். பெரிய காலரா வரவே இல்லை.

வெளிநாட்டு உதவியே வேண்டாம் என்று ஆகிவிட்டதா? அப்படியும் இல்லை. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென்று நிறுத்தி வைத்தது. காலரா மருந்துக்கு வழி காட்டிய அந்த டாக்கா ஆராய்ச்சிக்கூடம், இப்போது சர்வதேச ஆராய்ச்சி நிலையம். அங்கே ஆயிரம் பேருக்கு மேல் வேலை போயிற்று. பெரும்பாலோர் வீடு வீடாகப் போய்க் காசநோயாளிகளைக் கண்டுபிடித்துக்கொண்டு இருந்தவர்கள். ஒரு நாட்டின் தலைநகரில் போட்ட கையெழுத்து, இன்னொரு நாட்டின் சந்துக்குள் நடந்த வேலையை நிறுத்திவிட்டது. திண்ணைப் பாடத்தை அப்படி யாராலும் திரும்ப வாங்க முடியாது.

அந்த நிலையத்தின் ஆஸ்பத்திரிக்கு ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வயிற்றுப்போக்கோடு வருகிறார்கள். 2022 மார்ச்சில் ஒரே நாளில் 1,300 பேர் வரை வந்தார்கள். கட்டடம் போதாமல் வெளியே கூடாரம் போட்டார்கள். அங்கே கட்டில் என்பது நடுவில் ஓட்டை உள்ள ஒரு கித்தான் துணி. கீழே ஒரு வாளி. வாளியைப் பார்த்து, போன தண்ணீரை அளக்கிறார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் தாய் உட்கார்ந்திருக்கிறாள். கையில் கோப்பை, கரண்டி. ஊட்டிக்கொண்டே இருக்கிறாள்.